திட்டின் தலையில் வைத்த மண்கட்டி

பூவம் பக்கத்து வாய்க்காலை வெட்டியதில் என்னை மிஞ்சிய ஆளே கிடையாது. பொய்! அதைக் கெடுத்ததில்தான் என்னை மிஞ்சிய ஆள் கிடையாது.

மூன்றாம் வகுப்போடு வாத்தியாருக்கு விடுதலை கொடுத்தவன் நான். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்க வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த வேலை அது. கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டினோம், ஆளுக்கு ஒரு பங்கு. ஒவ்வொரு பங்கின் நடுவிலும் ஒரு மண் திட்டை மட்டும் தொடாமல் விடுவோம். பழைய தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஓவர்சியர் அதன் உயரத்தை அளந்து, எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று பார்ப்பார்.

என் பங்கில் அடியெல்லாம் கெட்டிக் களிமண். இடுப்பு விட்டுப்போயிற்று. கரையிலிருந்து புல்லோடு இரண்டு மண்கட்டியைப் பெயர்த்துத் திட்டின் தலையில் வைத்துத் தண்ணீர் தெளித்துத் தட்டினேன். திட்டு ஒரு முழம் வளர்ந்துவிட்டது!

"பரவால்லியே கோவிந்தா, ஆழமா எறங்கிட்டியே!" என்றார் ஓவர்சியர்.

"ஒடம்பு எளச்சதப் பாத்தாத் தெரியலீங்களா?" என்றேன்.

தண்ணீர் திறந்தார்கள். என் பங்கில் நான் வெட்டாமல் விட்ட மேட்டில் முட்டி நின்றது. அதைத் தாண்டி ஒழுகியது நாற்றங்காலுக்குக்கூடப் போதவில்லை. பயிர் கருகியது.

வாய்க்காலின் தரையை யார் பார்த்தார்கள்? மதகைத் திறந்து மூடும் சிங்காரம் அண்ணனைத்தான் பிடித்து உலுக்கினார்கள்.

"மேல்மடைக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு மதக எறக்கிட்டியாடா?"

"எம் புள்ள மேல சத்தியமா முழுசாத் தொறந்துதான்யா வச்சேன்!"

நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறந்தேன்... "விடுங்கப்பா, தாகத்துல அண்ணனே குடிச்சிருப்பாரு!"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. கேட்டீர்களா? பிடித்திருந்தது! மண்கட்டி வைத்ததைச் சோம்பல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இதை என்னவென்று சொல்ல?

அன்றிலிருந்து அவர் 'வாய்க்கால்குடிச்சான்'. அவர் மகள் பள்ளிக்கூடத்தில் 'வாய்க்கால்குடிச்சான் மவ'. மதகுச் சாவியை ஒப்படைத்துவிட்டுத் தருமபுரத்தில் சைக்கிள் கடை வைத்துவிட்டார்.

வருடா வருடம் தூர் வாருகிறோம். வண்டலை அள்ளுவோம், கெட்டித் தரையைத் தொடமாட்டோம். நான் மட்டும் போய் அந்த மேட்டை வெட்டினால் ஏன் என்று கேட்பார்களே!

இன்று அவரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். எப்படித் தொடங்குவது? 'அண்ணே, அந்த வருசம்...'

வாசலில் சைக்கிள் மணி. அவரேதான்.

"டேய் கோவிந்தா! மவளப் பாக்க மாப்ள வூட்டுக்காரங்க வந்து ஒக்காந்திருக்காங்க. எனக்கு வாயே வரல. நீ வந்து சிரிக்கிற மாதிரி நாலு வார்த்த பேசுடா. பழச யாராச்சும் கெளறுனா, நீதான் பேச்ச மாத்தி வுடணும்... சட்டையப் போட்டுகிட்டு வா!"

"இந்தா வந்துட்டேண்ணே..."