கழிக்க வேண்டிய செம்பு

கொல்லிமலைக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வாசலூர்பட்டியில் எங்களுக்கு ஒரு சின்ன ஆய்வுக்கூடம் உண்டு. காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியை ஃபில்டர் தாளில் பிடிப்போம். அந்தத் தூசியில் எந்தெந்த உலோகம் இருக்கிறது என்று சொல்லும் எக்ஸ்ரே ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. மெஷின் தப்பாகச் சொன்னால் எங்கள் வேலை மொத்தமும் தப்பு.

வந்த விற்பனையாளர்கள் எல்லாரும் மெஷினின் படத்தைக் காட்டினார்கள். ஒருவர் மட்டும் மெஷினையே காரில் ஏற்றி மலைமேலே கொண்டுவந்தார். காளப்பநாயக்கன்பட்டிக்காரர். நரைத்த தாடி, மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட சட்டை. மெஷின் ஓடும்போதெல்லாம், காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன் மூடிமேல் உள்ளங்கையை வைத்திருப்பார்.

ரோட்டோரத்தில் பிடித்த கறுத்த தாளை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"அழுக்க எந்த மெஷினும் காட்டுமுங்க. புதுத்தாள் ஒண்ணு குடுங்க."

தூசியே படாத தாளை உள்ளே வைத்தார். திரையில் செம்பு என்று ஒரு கோடு எழும்பியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இது உங்க தாளுல இல்லீங்க. எங்க மெஷினோட உடம்புல இருக்கற செம்பு. எப்பவும் இவ்வளவுதான் காட்டும். கழிச்சுட்டுப் பாருங்க."

கேட்காமலே தன் சரக்கின் குறையைச் சொன்ன விற்பனையாளரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த மெஷினையே வாங்கினேன்.

அது நேர்மையா, என்னைப் போன்ற சந்தேகப் பிராணியை மடக்கும் சாமர்த்தியமா என்று இன்னும் பிடிபடவில்லை. தினமும் காலையில் புதுத்தாளைத்தான் முதலில் வைக்கிறேன். செம்பு அவர் சொன்ன உயரத்திலேயே வந்து நிற்கிறது. என் உள்ளங்கை மூடிமேல் இருப்பதை அப்புறம்தான் கவனிக்கிறேன்.