கிள்ளானுக்குப் போனால் அணைகிற லேப்டாப்

மாலினியின் லேப்டாப் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் கடையில் ஓடியது. கிள்ளானில் அவள் வீட்டில் அணைந்தது. பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். நீங்களும் பட்டிருப்பீர்கள். மற்றவர்கள் படியுங்கள்.

தம்பியின் உபயம்

கல்யாண மணமேடையைக் கட்டுவதற்கு முன்பே கணினியில் கட்டிக் காட்டுகிறவள் மாலினி. வாசலில் இருந்து மேடை வரை நடந்து போகிற மாதிரி வீடியோ. லேப்டாப் அதை வரைந்து முடிக்க மணிக்கணக்கில் ஓட வேண்டும். அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று கேமிங் லேப்டாப் வைத்திருக்கிறாள். அலங்காரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பிடித்த முதல் ஆர்டர். சனிக்கிழமை பெண் வீட்டார் வீடியோ பார்க்க வருகிறார்கள். காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் பழைய கம்பெனி வாசலிலேயே போய் நிற்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்து அவள் தம்பி உதவி செய்திருந்தான். கார்டின் வேகத்தை இருக்க வேண்டிய அளவுக்கு மேல் ஏற்றிவிட்டான். ஓவர்கிளாக்கிங். வீடியோ பாதியில் திரை கறுப்பு. அவனையும் இழுத்து வந்திருந்தாள். யார் சொல்லி ஏற்றினாய் என்று கேட்டேன்.

"யூடியூப்ல ஒருத்தன் வேகமா ஓடும்னு சொன்னான் அங்கிள். எவ்வளவு நேரம் ஓடும்னு சொல்லல லா."

குறைத்தால் கோபம்

ஏற்றியதை இறக்கினேன். கார்டுக்குப் போகிற வோல்டேஜையும் குறைத்தேன். அண்டர்வோல்டிங். பெரும்பாலான கார்டுகள் தேவைக்கு மேல் வாங்கித் தின்னும். அளவாகக் கொடுத்தால் அதே வேலையைச் சூடு குறைந்து செய்யும். கார்டுக்குக் கார்டு அளவு வேறு. அடுத்தவன் எண்ணைப் போட்டால் ஹேங் ஆகிவிடும். கொஞ்சம் இறக்கி, ஓடவிட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம் இறக்க வேண்டும். பொறுமை வேண்டும். எனக்கு இல்லை. இருந்தாலும் செய்தேன். சோதனை வீடியோ கடைசி வரை ஓடியது.

மாலினி முகம் மட்டும் சரியில்லை.

"குறைச்சிட்டுப் போறதுக்கா அங்கிள் நான் கிள்ளான்ல இருந்து வந்தேன்?"

இங்கே நல்ல பிள்ளை

வியாழக்கிழமை திரும்ப வந்தாள். வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் பூக்காரரைப் பார்க்கப் போனாளாம். வந்து பார்த்தால் லேப்டாப் அணைந்து கிடக்கிறது. எங்கே வைத்தாய் என்றேன். மேசை மேலதான் என்றாள். அதிகமாகக் குறைத்துவிட்டேனோ என்று வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினேன். விசிறியைத் துடைத்தேன். என் மேசையில் நாள் பூரா ஓடியது. இங்கேயே செய்து முடி என்றேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் உங்க கடையில வந்து உட்காரவா என்றாள். நியாயம்.

பக்கத்துக் கடையில் போன் கவர் விற்கிற கமால் பாய் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அதுக்கு உங்க ஏர்கோன் குளிரு பிடிச்சுப் போச்சு. தத்து எடுத்துக்குங்க."

வெல்வெட் மரியாதை

அங்கே மட்டும் என்னதான் நடக்கிறது என்று பார்க்க, வெள்ளிக்கிழமை நானே கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். மாலினி வீடியோவைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். அவள் அம்மா சரோஜா வந்தார். லேப்டாப்பை மெல்லத் தூக்கி, அடியில் மடித்த வெல்வெட் துணியை வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காற்று இழுக்கிற துவாரமெல்லாம் அடியில்தான். என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தேன். விசிறி அலறியது. லேப்டாப் அணைந்தது. வேலை முடிந்தது என்று நினைத்து அவர் துணியை எடுத்து மடித்துச் சாமி அறைக்குக் கொண்டு போனார். மகள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

இனிமேல் அந்தத் துணியை வைக்காதீர்கள் என்றேன். சத்தமாகத்தான்.

"சோறு போடுற சாமானை வெறும் மேசையிலயா வைப்பாங்க? உங்க வீட்டுல அப்படித்தான் பழக்கமா அண்ணே?"

பலகாரத் தட்டு

காற்று, துவாரம், சூடு என்று விளக்கினேன். மாலினி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா சமையலறைக்குப் போனார். தீபாவளிக்குப் பலகாரம் ஆற வைக்கிற, கால் வைத்த கம்பித் தட்டோடு வந்தார். தட்டுக்குக் குங்குமம் வைத்தார். லேப்டாப்பை அதன்மேல் ஏற்றினார். மரியாதையும் ஆச்சு, காற்றும் ஆச்சு. சூடு என் கடையில் இருந்ததைவிடக் குறைவு. வீடியோ முடிகிற வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சனிக்கிழமை போன் வந்தது. மாலினி கத்தினாள்.

"அங்கிள், ஓகே சொல்லிட்டாங்க! பொண்ணோட தங்கச்சி கல்யாணமும் எனக்குத்தானாம் லா!"

வேகத்தை இறக்கியது நான், வோல்டேஜைக் குறைத்தது நான், விசிறியைத் துடைத்தது நான். சரிசெய்தது, கெடுத்த அதே சரோஜா அம்மா.