கூடத்தில் தொங்கிய சிங்கம்

கல்யாணமாகி மலையாளச் சீமையில் ஸ்ரீவராகத்துக்கு வந்து மூன்று வருடம் முடிந்திருந்தபோது, கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் போய் வேலை கேட்டேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு துலா மாதம், நம் ஐப்பசி. தலைமை ஆசிரியை என் பாளையங்கோட்டை ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மலையாளம் அவருக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆண்டுவிழா நாடகத்துக்கு ஆறு மிருக முகமூடிகளும், கதை சொல்ல ஒரு காக்கைக் கைப்பொம்மையும் வேண்டும், பத்தாம் நாள் கொண்டு வா, கைவேலை டீச்சர் இடம் காலியாக இருக்கிறது, பார்க்கலாம் என்றார். "மழயத்து உணங்ஙுமோ?" என்றும் கேட்டார். மழையில் காயுமா என்ற கேள்வி நியாயமானதுதான். காயும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். வீட்டில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மூன்று வருடமாக அடுக்களை, கிணற்றடி, கோயில் என்றே சுற்றிக்கொண்டிருந்தேன், கோயிலுக்கும் மாமியாரோடுதான். இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால், தனியாக வெளியே போகச் சொன்னாலும் போகத் தெரியாதவளாகிவிடுவேன் என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

காகிதக் கூழ் வேலையில் பயிற்சிக் காலத்திலேயே எனக்குக் கை நன்றாக ஓடும். ஊதிய பலூன் மேல் பேப்பர் துண்டுகளைப் பசையில் தோய்த்து ஒட்ட வேண்டும். கத்தரித்த துண்டு ஓரத்தில் தூக்கிக்கொள்ளும், கிழித்த துண்டு படிந்து உட்காரும். ஒரு சுற்று மலையாளப் பேப்பர், அடுத்த சுற்று தமிழ்ப் பேப்பர் என்று மாற்றி மாற்றி ஒட்டினேன். எத்தனை சுற்று ஆயிற்று, எங்கே விட்டுப்போயிற்று என்று எழுத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டதில் கிடைத்த வசதி அது.

சிக்கல் பசையில் வந்தது. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால்தான் பசை. ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில், மாவோ சோறோ அடுப்பில் வெந்த நிமிடமே அது 'பத்து'. பத்துத் தொட்ட கையைக் கழுவாமல் தயிரைத் தொடக்கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. அப்படியிருக்க, பத்துப் பூசிய முகமூடிகளைப் பூஜை அலமாரிக்கு எதிரே, கூடத்தில் காயப்போட முடியுமா? கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் மாமியாரிடம் நான் கேட்கவே இல்லை. பச்சை மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஒட்டினேன். வேகாத மாவுக்குப் பத்து கிடையாது. பெரிய சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறாம் நாள் கூடத்தில் புளித்த வாடை அடித்தது. கரடியின் கன்னத்தில் பச்சையாகப் பூஞ்சணம். சிங்கத்தின் பலூனை ஊசியால் குத்தியதும், அது ஈரச் சட்டை மாதிரி மடங்கித் தரையில் உட்கார்ந்தது. எனக்கு வந்த கோபமெல்லாம் என் மேல்தான். வெந்த பசைதான் பிடிக்கும் என்று நன்றாகத் தெரிந்தும், ஒரு வாக்குவாதத்துக்குப் பயந்து வேலையைக் கெடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கொல்லையில் கொட்டிவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டேன். இன்னும் நாலு நாள் இருந்தது.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த கணவரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட கேளேன்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். கிழிப்பதற்கு எனக்குப் பேப்பர் தேவைப்பட்டது. அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

மாமியார் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "அம்மா, மைதா பசை காச்சப் போறேன். ஒட்டினதையெல்லாம் கூடத்துல ஃபேனுக்கடியில கட்டித் தொங்கவிடணும்" என்றேன்.

"வெந்த மாவையா? சுவாமிக்கு முன்னாடியா? நன்னாயிருக்கு. அது பத்தாக்கும், நோக்குத் தெரியாதா?"

"அதுல மயில்துத்தம் போடுவேன், பூச்சி அரிக்காம இருக்க. போட்டப்பறம் அது திங்கற வஸ்துவே இல்லை. விஷம்."

அவர் கையில் கத்தி நின்றது. "விஷத்தைக் கொண்டுவந்து அடுக்களையிலே காச்சுவியா? இந்தப் படி தாண்டப்டாது, கேட்டயா."

"தாண்டலை. கொல்லையில பம்ப் ஸ்டவ்வுல காச்சிக்கறேன். ஆனா விஷத்துக்கு ஏதும்மா பத்து? கூடத்துல தொங்கலாமோல்லியோ?"

சட்டம் அவருடையது, அதிலேயே அவரை நிறுத்திவிட்டேன் என்பது இருவருக்கும் தெரிந்தது. நான் நகராமல் நின்றேன். ஒரு பிடி அவரைக்காய் நறுக்கி முடித்த பிறகு, "தலையில இடிக்காம உசரக் கட்டு" என்றார்.

மறுநாள் காலையில் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குத் தனியாக நடந்து போய் மயில்துத்தம் வாங்கி வந்தேன். கணவரைக் கூப்பிடவில்லை. பசை காய்ச்சி, காலையில் இரண்டு சுற்று, ராத்திரி இரண்டு சுற்று, அதற்கு மேல் ஒட்டாமல் கையைக் கட்டிப்போட்டேன். மத்தியானம் இடியும் மழையுமாக இருந்தாலும் கூடத்தில் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. மாமியார் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டாரே தவிர அதை நிறுத்தவில்லை. சிங்கத்துக்கும் கரடிக்கும் நடுவே புடவையை ஒதுக்கிக்கொண்டு, குனிந்து குனிந்து விளக்கேற்றப் போனார். ஃபியூஸான பல்பின் மேல் காக்கையின் தலையைச் செய்து, கிழிந்த குடைத்துணியில் அதற்கு உடம்பு தைத்தேன். குழந்தைகளின் முகத்தில் துத்தம் படக்கூடாது என்று ஒவ்வொரு முகமூடிக்கும் உள்ளே கடைப் பசையால் பழைய வேட்டித் துணி ஒட்டினேன். பத்தாம் நாள் விடிவதற்குள் வண்ணமும் காய்ந்துவிட்டது.

தலைமை ஆசிரியை கரடியின் நெற்றியில் விரல் முட்டியால் தட்டினார். மரத்தைத் தட்டியதுபோல் டக்கென்று சத்தம் வந்தது. காக்கையைக் கையில் மாட்டிக்கொண்டு அதன் வாயைத் திறந்து மூடினார். அவருக்கும் சிரிக்கத் தெரியும் என்று அன்றுதான் பார்த்தேன். "திங்களாழ்ச்ச முதல் வராமோ?" என்றார், திங்கட்கிழமையிலிருந்து வர முடியுமா என்று.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வராம், டீச்சர்" என்றேன்.

திங்கட்கிழமை சமையலை முடித்து, அடுப்பை மெழுகிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமியார் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். சனிக்கிழமை நான் விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தெருவில் இறங்கிய பிறகு, "எப்போ வருவே?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டில் மூன்று வருடமாக யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி அது.

"நாலு மணியாகும்மா" என்றேன்.