பசளைப் பையும் போர்க்கப்பலும்

ஒரு பேணித் தண்ணீரில் ஒரு பிடி யூரியாவைப் போட்டால் பேணி சில்லென்று குளிர்ந்துவிடும். மூதூரில் எங்கள் வயல் வரம்பில் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்று அம்மாவிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். அந்த வெள்ளைக் குருணைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "பசளை". யுத்தம் முற்றியதும் அது வெடிமருந்துச் சாமானாகிவிட்டது. எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவர இராணுவத் தடை. "டோர்ச்" பற்றறிக்கும் அதே தடைதான்.

அந்தப் போகம் பயிர் மஞ்சளடித்து நின்றது. "இனியும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது" என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு படகில் பட்டணத்துக்குப் போனார். பெண்பிள்ளையோடு வருகிறவனை அதிகம் சோதிக்கமாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு மூலை வயலையாவது காப்பாற்றலாமென்று கொஞ்சம் யூரியா வாங்கி, கோதுமை மாப் பையின் அடியில் வைத்துக் கட்டினார்.

திரும்பிப் போகும் "லோஞ்சி"ப் படகுக்காக இறங்குதுறைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றோம். அன்று துறைமுகத்துக்கு ஒரு வல்லரசின் போர்க்கப்பல் வந்திருந்தது. வரவேற்பு வாத்திய ஓசை எங்கள் வரிசைவரை கேட்டது. முன்னால் நின்றவர் அப்பாவின் சிநேகிதர், மீன் வியாபாரி ஹனீபா நானா. கப்பலைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"ஊரையே சாம்பலாக்கிற குண்டு உள்ளுக்க இருக்கோ எண்டு கேட்டா, ஓம் எண்டும் சொல்லமாட்டாங்களாம், இல்லையெண்டும் சொல்லமாட்டாங்களாம்."

நானாவைச் சோதித்து அனுப்பியதும் எங்கள் முறை வந்தது. சிப்பாய் மாப் பையைக் கத்தியால் கிழித்தான். மாவும் குருணையும் என் சட்டையெல்லாம் கொட்டின.

"இது குண்டுக்கா?"

"இல்லை சேர். நெல்லுக்கு. பசளை."

இரண்டு சிப்பாய்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். இழுபட்டுப் போகும்போது திரும்பி, "பிள்ளை, நானாவோட வீட்ட போ. அம்மாவைப் பயப்பட வேண்டாமெண்டு சொல்லு" என்றார்.

"லோஞ்சி" அந்தக் கப்பலைக் கடந்துதான் போனது. வெள்ளை உடுப்புப் போட்ட மாலுமிகள் விளிம்பில் நின்று எங்களுக்குக் கை காட்டினார்கள். படகிலிருந்த சிலரும் திருப்பிக் காட்டினார்கள். நான் ஹனீபா நானாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதபடி இருந்தேன்.

தடுப்பிலிருந்து அப்பா வந்து சேர்ந்தபோது அறுவடைக் காலம் போய்விட்டது. கதிர் பிடிக்காத வயலுக்குள் அம்மா மாடுகளை அவிழ்த்து விட்டிருந்தா. அப்பாவின் வலது கை விரல்கள் மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மண்வெட்டி பிடிக்கவில்லை.

இப்போது பட்டணத்தை அடுத்த அன்புவழிபுரத்தில் என்னோடு இருக்கிறார். இறங்குதுறைச் சோதனைச்சாவடி நின்ற இடத்தில் ஓர் அடையாளமும் இல்லை. யூரியா எந்தக் கடையிலும் கிடைக்கிறது. எங்கள் வயல் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. போர்க்கப்பல்கள் மட்டும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கொடி மாறும், "நல்லெண்ண விஜயம்" என்ற பெயர் மாறாது.

அண்மையில் ஒருநாள் இருவரும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாடு அணுகுண்டு செய்யக்கூடும் என்ற சந்தேகத்தில் வேறொரு நாடு அதன்மேல் குண்டு போட்டிருந்தது. போட்ட நாட்டிடம் அணுகுண்டுகள் குவிந்து கிடக்கின்றன; அங்கே அதற்குப் பெயர் பாதுகாப்பு.

அப்பா கேட்டார்: "இவையின்ர பையை ஆர் பிள்ளை கிழிச்சுப் பாத்தது?"

செய்தியில் கிரிக்கெட் தொடங்கிவிட்டது.