எங்க வீட்டு ஆ ஷக்ஸ் ஆளு

இன்னைக்குக் காலையில அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்த ஒரு பொண்ணு, அவங்க அப்பாவைக் கூட்டிட்டு ராபர்ட்சன்பேட்டையில இருக்கிற எங்க வீட்டுக்கு வந்துச்சு.

"உங்க ஹஸ்பண்ட் மட்டும் இல்லன்னா நான் எங்கப்பாவைப் பார்த்திருக்கவே முடியாது ஆன்ட்டி."

எனக்கு ஒண்ணும் புரியல.

போன மாசம் எங்க ஊர் கோரமண்டல் ஸ்டேஷன்ல, கிளம்புன ரயில்ல ஏறப் போன அந்தப் பெரியவர் கால் வழுக்கி பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல சரிஞ்சிட்டாராம். குப்புறப் படுத்து அவரை மேல இழுத்துப் போட்டது என் வீட்டுக்காரராம்.

அன்னைக்கு என்கிட்ட சொன்னது வேற. "படியில சறுக்கிட்டேன், முட்டி சிராய்ச்சிருச்சு." நானும் திட்டிக்கிட்டே மருந்து போட்டேன்.

இப்ப அவர் தரையைப் பார்த்துக்கிட்டு, "இன்னா பெருசா பண்ணிட்டேன்? பக்கத்துல நின்னேன், புடிச்சேன். காபி குடிங்கமா"ன்னார்.

அந்தப் பொண்ணு சிரிச்சுது. "அங்கிள் சரியான ஆ ஷக்ஸ் ஆளு."

யாராவது புகழ்ந்தா, "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க"ன்னு கூச்சப்பட்டு நழுவுறவங்களை அமெரிக்காவுல அப்படித்தான் சொல்வாங்களாம்.

அவங்க போனதும் கேட்டேன், "ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"சொல்லியிருந்தா, தினமும் நான் பெங்களூருக்கு ரயில் ஏறும்போது நீ இங்க பயந்துட்டு உக்காந்திருப்ப."

கோபமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் அவர் கையைப் புடிச்சவ ரொம்ப நேரம் விடல.

உங்க வீட்டு ஆ ஷக்ஸ் ஆளுங்க எதையெல்லாம் சொல்லாம வச்சிருக்காங்க? கேட்டுட்டு வந்து கமெண்ட்ல சொல்லுங்க. நான் மட்டும்தான் ஏமாந்தேனான்னு தெரியணும்.