மொரிட்டா தோற்ற ஆட்டம்

ஆயுத பூசை நெருங்க நெருங்கத் தேசப்பனுக்குப் பயம் கூடியது. அவனுடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. அது ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்தால் மறுநாளே வேலை போய்விடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலை. அங்கே கிரேன் கொக்கியில் கம்பிக் கட்டுகளை மாட்டிவிடுவது அவன் வேலை. ஆடி மாதம் நைந்துபோன இரும்பு வடம் அறுந்து, கட்டு சரிந்து அவன் தோளை இடித்தது. ஒப்பந்தக்காரர் வடத்தையா மாற்றினார்? திருஷ்டி பட்டுவிட்டது என்று கிரேனுக்கு அடியில் பூசணிக்காய் உடைத்தார். வடத்தை கிளிப் போட்டு இணைத்து மறுபடியும் ஓட்டினார். ஒரு மனிதனின் எலும்பைப் பூசணிக்காயால் ஈடுகட்டுகிற சாமர்த்தியம் நம் ஊரில்தான் உண்டு. தேசப்பனுக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு அட்டைகூட இல்லை. வீட்டில் மனைவி முத்தம்மாள் ஒத்தடம் கொடுக்க, அடி ஆறிவிட்டதென்று ஆலையில் சொல்லிவிட்டு இடது கையாலேயே வேலையை ஓட்டினான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அது. புது இயந்திரம் பொருத்த ஜப்பானிலிருந்து மொரிட்டா வந்திருந்தார். வாசலை அடைக்கிற உடம்பு. நசுங்கிச் சுருண்ட காதுகள். கயிறு கட்டிய மேடையில் மோதுகிற மல்யுத்தக்காரராக இருந்தவர் என்ற செய்தி மொழிபெயர்ப்பாளர் ஆரோக்கியமேரி மூலம் கசிந்ததும், ஒப்பந்தக்காரருக்கு ஒரு யோசனை பிறந்தது. பூசையன்று பொரி கொடுத்த பின் அவரோடு நம்மாள் ஒருவன் மோத வேண்டும். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிச் சக்கரத்தை ஒற்றையாளாகத் தூக்கி மாட்டியவன் தேசப்பன்தானே? மாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள். தலையாட்டி வைத்தான்.

வைக்கோல் பரப்பித் தார்ப்பாய் விரித்தார்கள். கிரேன் வடத்துக்குச் சாமந்தி மாலை.

“இன்னாபா, காத்து வாங்கவா வந்துகிறே? புடி நைனா,” என்று கூட்டம் சீண்டியது.

மொரிட்டா அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். உடனே விட்டார். அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இடது பக்கமாக மாறிக்கொண்டார். அதன்பின் தேசப்பன் லேசாகத் தள்ளினாலும் அவர் தள்ளாடினார். இடுப்பைப் பிடித்ததும் அவ்வளவு பெரிய உடம்பு தானே எழும்பி, தார்ப்பாய் அதிர மல்லாந்து விழுந்தது. விசில் பறந்தது.

அன்று முழுக்க அவன் கால் தரையில் பாவவில்லை. டீக்கடையில் அளந்துகொண்டிருந்தவனை மறுநாள் ஆரோக்கியமேரி தனியே அழைத்தாள்.

“அண்ணா, அவரு வேணும்னேதான் வுழுந்தாரு. உங்க தோளு போச்சுன்னு புடிச்சதுமே தெரிஞ்சிக்கினாராம்.”

“எனக்கு இன்னா, பிச்சை போட்றாரா?”

“அதாண்ணா அவரு பொழப்பே.”

பேருந்தில் ஊர் ஊராகப் போகும் ஒரு சின்ன மல்யுத்தக் கம்பெனியில் இருந்தவர் அவர். மேடையைக் கட்டுவதும் அவர், முதல் ஆட்டத்தில் தோற்பதும் அவர். புதிதாக வருகிறவனைப் பலசாலியாகக் காட்ட வேண்டும், அதற்குத்தான் சம்பளம். ஒரு பட்டம்கூட அவர் பெற்றதில்லை. முட்டி தேய்ந்ததும் மைத்துனரின் இயந்திரக் கம்பெனிக்கு வந்துவிட்டார். தன்னோடு மோதியவன் எவனும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை என்பதுதான் அவருடைய பெருமை. எதிராளியின் உடம்பு நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டது என்பாராம்.

தேசப்பனின் கோபம் அந்த இடத்தில் நின்றுபோனது. அவன் உடம்பைப் பற்றி இந்த ஆலையில் யாரும் அப்படிப் பேசியதில்லை.

“எப்டி அடிபட்டுதுன்னு கேக்கறாரு. சொல்லட்டுமா?”

சொன்னால் வேலை போகலாம். “சொல்லுமா,” என்றான்.

மொரிட்டா போய் வடத்தைத் தடவிப் பார்த்தார். வாடிய மாலையைக் கழற்றி ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்தார். புது இயந்திரத்தின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வடம் மாறாமல், இவனுக்கு வைத்தியம் நடக்காமல் இயந்திரம் ஓடாது. ஒப்பந்தக்காரர் குதித்தார், மேலாளர் கெஞ்சினார். அவர் அசையவில்லை.

புது வடம் வந்தது. கொக்கி வேலைக்காரர் எல்லோருக்கும் அட்டை வந்தது. ஆலைச் செலவில் திருவள்ளூரில் தேசப்பனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது, வேலையும் நிலைத்தது. எல்லாம் பூசையின் பலன் என்று ஒப்பந்தக்காரர் சொல்லித் திரிந்தார்.

சில மாதங்கள் கழித்து மொரிட்டா ஊருக்குக் கிளம்பிய நாளில், தேசப்பன் அவரை ஆலை வாசலில் மறித்தான். நன்றி சொல்ல அவர் மொழி தெரியாது. எல்லோருக்கும் முன்னால் வலது கையை உயர்த்தி நீட்டினான். அவர் பிடித்ததுதான் தாமதம், துள்ளி எழும்பி மல்லாக்க விழுந்தான். அவனுக்கு விழத் தெரியவில்லை. ஆனால் தலை தரையில் படுமுன், அங்கே மொரிட்டாவின் உள்ளங்கை இருந்தது.