மாமனாருக்குப் போட்ட கட்டை

எங்கூட்டுக் கதவுக்குப் பின்னால ஒரு மூங்கக் குச்சி சாஞ்சு நிக்குது. வர்றவங்க, "பாம்படிக்கறதுக்குங்களா?"னு கேப்பாங்க. "இல்லீங்க, மாமனாரை நடக்க வெக்கறதுக்கு"ம்பேன். சிரிப்பாங்க. நான் நெசத்தைச் சொன்னாத்தான் ஊரு சிரிக்கும், அது எனக்கு வாய்ச்சது.

வெள்ளக்காரன் காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள்ல நடந்த கதை. மாமனாருக்குக் காரமடைப் பக்கம் தோட்டம். வருசா வருசம் மாசித் தேருக்கு வடம் புடிச்ச கை அவரோடது. அம்பதைத் தாண்டினதும் அந்த வலது கை தானா ஆட ஆரம்பிச்சுது. கோயமுத்தூர்ல ஒரு டாக்டர் பாத்துப்போட்டு, "நடுக்குவாதம். மருந்து தர்றேன், கொணமாகும்னு சொல்லமாட்டேன்"னுட்டார். கையோட நின்னிருந்தாப் பரவால்லை. வாசல் நிலைக்கிட்ட வந்தா காலு தரையோட ஒட்டிக்கும். "இதா வாரேன்"ம்பார். அத்தை உலை வெச்சு, சோறு வடிச்சுட்டு வந்து பாத்தா அங்கயேதான் நிப்பார்.

"ஏனுங்க, எத்தனை நேரமா நிக்கறீங்க?"

"இப்பத்தானே எந்திரிச்சேன். அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

பொய்யில்லை. அவருக்கு அது ஒரு நொடிதான். மிச்ச நேரமெல்லாம் எங்க போச்சுன்னு அவருக்கும் தெரியலை, எங்களுக்கும் தெரியலை.

ஒருநா வாய் சும்மா இருக்காம, "மாமா, தேரு நிலைக்கு வந்துருச்சுங்களா?"ன்னேன். தேரு போய் நிக்கற எடமும் நிலைதான், கதவு மாட்டற சட்டமும் நிலைதான். அவரே சிரிச்சுப்போட்டு, "அப்பக் கட்டை போடுங்க மாப்பிள்ளை"ன்னார். தேரை நிறுத்தத்தான் சக்கரத்துக்குக் கட்டை போடுவாங்க. நானும் வெளையாட்டுக்கு இந்தக் குச்சியை அவர் காலுக்கு முன்னால குறுக்கே போட்டேன். மனுசன் அதைத் தாண்டி நடந்தே போயிட்டார்! அத்தை கையெடுத்துக் கும்புட்டாங்க. குச்சியத்தான், என்னையில்லை.

அந்த மாசியில, "ஒரே ஒருக்கா வடத்தைத் தொட்டுப்போட்டு வந்தர்றேன்"னார். காத்தாலயே வண்டி பூட்டியாச்சு. சட்டைக்குள்ள கை போக ஒரு யுகம். சமையக்கட்டு நிலை, நடு நிலை, வாசல் நிலைன்னு குச்சி போட்டுக்கிட்டே வந்தேன். வாசல்ல குச்சிக்கும் மசியலை. தூக்கி வண்டியில வெச்சர்லாம்னா, "நான் என்ன பொணமுங்களா?"ன்னார். வேப்பமரத்து நெழலு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருச்சு. காரமடை போய்ச் சேந்தப்பத் தேரு நிலை சேந்து, வடத்தைச் சுருட்டிட்டு இருந்தாங்க.

மாமனார் சந்தோசமாப் பாத்தார். "நேரமே வந்துட்டோம் மாப்பிள்ளை. எப்ப இழுப்பாங்க?"

என் சம்சாரம் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டா. நான், "இப்ப இழுத்துருவாங்க மாமா"ன்னேன்.

அப்புறம் அவர் அந்த வண்டியை விட்டு எறங்கவேயில்லைன்னு சொல்லோணும். கட்டில்ல படுத்துக்கிட்டே, "இன்னும் இழுக்கலைங்களா?"ம்பார். அவருக்கு அது ஒரே சாயங்காலம், எங்களுக்கு வருசக்கணக்கு. கடைசியில குச்சியைப் போட்டா, அதை எதுக்குப் போட்டிருக்கோம்னு தெரியாம அதையே பாத்துட்டு நிப்பார். அப்புறம் நிக்கறதும் போச்சு.

இப்ப எனக்கு அவர் வயசு. உள்ள போறேன், எதுக்குப் போனேன்னு மறந்து நிலையைப் புடிச்சுட்டு நிக்கறேன்.

"குச்சி போடட்டுங்களா?"ம்பா சம்சாரம்.

"இப்பத்தானே எந்திரிச்சேன்"ம்பேன்.

ரெண்டு பேரும் சிரிப்போம். சிரிச்சு முடிச்சுட்டு, அவ என் வலது கையைப் பாப்பா. நானும் பாப்பேன்.